குடியிருக்கத் தகுதியற்றது

தன் வீட்டுக்குத் தானே நோட்டீஸ் அனுப்பி, அதைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுத் தானே வாங்கிக்கொண்ட மனிதர் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான். கட்டட ஆய்வாளர். முப்பத்தோரு வருட சர்வீஸ். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் அளவு டேப் வைத்திருந்தார். அதனால் டேப்பு சார் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் தாழ்வாரத்தில் நடந்து வரும்போது யாராவது நாக்கைச் சுழற்றி, டேப் உள்ளே சுருண்டு ஓடும் சத்தத்தை எழுப்புவார்கள். அவர் திரும்பி, சத்தம் வந்த தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போய்விடுவார்.

மனிதர் குடியிருக்கும் அறை ஒன்பதடி உயரம் இருக்க வேண்டும், எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுக்குத் திறப்பு இருக்க வேண்டும் என்பது விதி. இதை யார், எந்த ஊர் வெயிலை நினைத்து எழுதினார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். கை நீட்டுகிறவனிடமாவது பேசிப் பார்க்கலாம், இவரிடம் என்ன பேசுவது என்று மேஸ்திரிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவருடைய மேஜையில் எந்தக் கோப்பும் மூன்று நாளுக்கு மேல் தங்கியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு தையல்காரம்மா. அவளுடைய அறை பத்து அங்குலம் தாழ்வு என்று எழுதினார். அவள் கூரையைப் பிரித்து உயர்த்திக் கட்டினாள். அடுத்த குளிர்காலத்தில் அலுவலகத்துக்கே வந்து நின்றாள்.

"நீங்க சொன்ன உயரம் இருக்கு சார். ஆனா இப்ப கை விறைச்சுப் போகுது. ஊசி பிடிக்க முடியல."

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பேருக்குப் புரட்டவில்லை, உண்மையாகவே தேடினார். "குளிருக்கு விதி எதுவும் இல்லையேம்மா" என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

இப்படி ஊரார் கூரைகளோடு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், புதிதாக வந்த தலைமை அதிகாரி ஓர் உத்தரவு போட்டார். கட்டடப் பிரிவில் வேலை செய்யும் எல்லோரும், தங்கள் சொந்த வீடு விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டுப் பேர் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எதற்கும் "சரி சரி" என்று சொல்லி அதுவே பெயராகிப் போன பதிவறை எழுத்தர், அவசரத்தில் பக்கத்து மேஜைக்காரர் படிவத்திலும் சேர்த்துப் போட்டுவிட்டார். டேப்பு சார் மட்டும் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக வீட்டுக்குள் டேப்பை இழுத்தார்.

கீழே எல்லாம் சரியாக இருந்தது. மாடியில், சமையலறைக்கு நேர் மேலே, சரிந்த ஓட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. அங்கே பதினோரு வருடமாக அவருடைய மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி, இருந்தான். அதே அலுவலகத்தில் வேன் ஓட்டுகிறவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ரெண்டு பேர் நிமிர்ந்தா ரூம் தாங்காது" என்பான். டேப்பைப் பிடித்தார். உச்சியில் ஆறடி ஒரு அங்குலம். ஓரத்தில் நாலடி. ஒரே ஒரு ஜன்னல்.

இன்னொருவராக இருந்தால் படிக்கட்டு இறங்குவதற்குள் மறந்திருப்பார். இவர் மறுநாள் அலுவலகம் போய், கட்டட ஆய்வாளர் என்ற முறையில் வீட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் எழுதினார்: மாடி அறை குடியிருக்கத் தகுதியற்றது, முப்பது நாளுக்குள் காலி செய்ய வேண்டும், முடிவு நாளில் மறு ஆய்வு நடக்கும். பதிவுத் தபாலில் அது வீட்டுக்கு வந்தது. உரிமையாளர் என்ற முறையில் படித்துப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று திருப்திப்பட்டார்.

மனைவி அதை இரண்டு முறை படித்தாள்.

"என் தம்பிய அளந்து பாத்துட்டீங்க, இல்ல?"

"அவன இல்ல. அறையத்தான்."

"இனிமே உங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்ல."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. குழம்புக் கரண்டி ஒரு மாதிரி விழுந்தால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். வேறு மாதிரி விழுந்தால் துவைத்த துணியை எடுத்து வை என்று அர்த்தம். இரண்டையும் பிரித்தறிய அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மைத்துனன் சண்டை போடவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது. நானூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தான். அங்கே டிரைவர்களுக்குத் தங்குமிடம் உண்டு. நோட்டீஸ் முடியும் திங்கட்கிழமை கிளம்பிவிடுவதாக ஏற்பாடு. போனால் வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. அக்காவுக்குப் பிறந்த வீட்டுப் பக்கம் மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். ஆய்வாளருக்கும் இது தெரியாமல் இல்லை. ராத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒன்பதரை அடி உயரத்தில் இருந்த கூரை பதில் எதுவும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான் முகாம் வந்தது. ஊழியர்களிடையே ஒற்றுமை வளர்ப்பதற்காக மலைக்காட்டில் ஒரு இரவு. கூடாரம் கிடையாது, போர்வை கிடையாது. காய்ந்த காடு என்பதால் நெருப்பும் கிடையாது. கீழே கிடக்கும் கிளை, சருகு, மரப்பட்டை இவற்றைக் கொண்டே குளிர் தாங்கும் குடில் கட்டி அதில் தூங்க வேண்டும். தலைமை அதிகாரி மட்டும் அடிவாரத்து விடுதியில் இருந்துகொண்டு ஒற்றுமையை வளர்ப்பார்.

பயிற்சி கொடுக்க வந்தவள் குள்ளமான பெண். முழங்கால் வரை பூட்ஸ், குரலோ மைதானம் தாண்டிக் கேட்கும்.

"வீடு கட்டப் போறோம்னு நினைக்காதீங்க. சட்டை தைக்கப் போறோம்னு நினைங்க. உங்க உடம்புதான் அடுப்பு. சின்ன அடுப்பு. அது கல்யாண மண்டபத்தச் சூடாக்காது. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு கதகதப்பு."

ஆய்வாளர் கையைத் தூக்கினார். "உயரம்?"

"புரண்டு படுக்கலாம். உட்கார முடியாது."

"உட்காரவே முடியாதா?"

"உட்காரணும்னா வெளிய வந்து உட்காருங்க சார்."

"எதிரெதிர்த் திறப்பு?"

"ஒரே ஒரு வாசல். அதையும் உள்ள போனதும் சருகால அடைச்சிடணும். மூச்சுக்கு வேண்டிய காத்து இலை இடுக்கு வழியா வந்துடும்."

ஆய்வாளர் குறிப்பேட்டை மூடினார். முகத்தில் ஈயாடவில்லை. ஒரு அரசாங்க முகாமில், பகல் வெளிச்சத்தில், பத்தொன்பது பேர் முன்னால் இப்படியெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களே!

இரண்டிரண்டு பேராகப் பிரிந்தபோது டேப்பு சார் தனியாக மிஞ்சினார். அவரோடு சேர்ந்து கட்டினால் சாயங்காலம் வரை அளந்துகொண்டுதான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வேனைப் பூட்டிவிட்டு வந்த மைத்துனனைப் பயிற்சிப் பெண் அவரோடு சேர்த்துவிட்டாள்.

"என்ன அத்தான், எப்படிக் கட்டலாம்?"

"முறையாக் கட்டலாம்" என்றார்.

"அப்ப நீங்க முறையாக் கட்டுங்க. நான் பக்கத்துல குளிருக்குக் கட்டிக்கிறேன்."

மைத்துனன் முதலில் அண்ணாந்து பார்த்தான். தலைக்கு மேலே காய்ந்த கிளை எதுவும் தொங்காத இடமாக, மழை பெய்தால் தண்ணீர் தேங்காத மேடாகத் தேர்ந்துகொண்டான். இடுப்பளவு உயரத்தில் கவையாகப் பிரிந்த ஒரு அடிமரம் கிடைத்தது. நீளமான கழி ஒன்றைத் தேடி, ஒரு நுனியைக் கவையில் வைத்து, மறு நுனியைத் தரையில் ஊன்றினான். அதன் இரு பக்கமும் குச்சிகளை விலா எலும்பு மாதிரி நெருக்கமாகச் சாய்த்தான். அவற்றின் மேல் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டான். அதற்கு மேல் சருகு. அள்ளி அள்ளிப் போட்டான். தோள் வரை கையை உள்ளே விட்டுப் பார்த்து, விரல் குச்சியில் பட்டால் இன்னும் போட்டான். காற்று அடித்துப் போகாமல் இருக்க மேலே மரப்பட்டைகளைச் சார்த்தினான். பிறகு உள்ளேயும் சருகை நிரப்பினான். நுழைந்து படுத்து நசுக்குவான், வெளியே வந்து மறுபடி நிரப்புவான். மூன்று தடவை. மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், தரைதான் உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்று அந்தப் பெண் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆய்வாளர் நாலு மூலைக்கு நாலு கம்பு நட்டார். மூலைவிட்டம் பார்த்துச் சதுரம் சரி செய்தார். ஒன்பதடிக்குக் கம்பு கிடைக்கவில்லை. ஏழடியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மனசு கேட்காமல் 'தற்காலிகக் கட்டடம், விலக்கு அளிக்கலாம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கொடியால் கட்டிய சட்டங்களுக்கு இடையே இலைகளைச் செருகினார். சுவர் பெரிதாக இருந்ததால் இலை ஒரு விரற்கடை கனத்துக்குத்தான் போதுமாக இருந்தது. கிழக்கே ஒரு திறப்பு, மேற்கே ஒரு திறப்பு. உள்ளே நிமிர்ந்து நின்று கைகளை விரித்துப் பார்த்தபோது, முப்பது நாளில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்தது.

நாலு மணிக்கு அதிகாரி மேலே வந்தார். மற்றக் குடில்களைக் குப்பை மேடு என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனார். இதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். "இதுதான் மாதிரிக் கட்டடம்" என்று எல்லோரும் கேட்கச் சொல்லி, முதல் பரிசுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, குளிர் ஏறுவதற்குள் விடுதிக்கு இறங்கிவிட்டார். பயிற்சிப் பெண் ஆய்வாளரிடம் ஒரு விசில் கொடுத்தாள். "ரொம்ப முடியலன்னா ஊதுங்க சார்."

சும்மா இருக்க முடியாமல் ஆய்வாளர் மற்றக் குடில்களையும் அளந்துகொண்டு வந்தார். பதிவறை எழுத்தர் 'சரி சரி' கட்டியிருந்த குடிலில் அவருடைய கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் மைத்துனன் குடில். வாசலில் குனிந்தார். டேப் ஓடியது.

"உயரம் ரெண்டடி எட்டு அங்குலம்" என்று சத்தமாகப் படித்தார். "அகலம் நாலடி ரெண்டு அங்குலம். அகலம் தேவைக்கு மேல. உயரம் போதாது. மனுஷன் குடியிருக்க முடியாது."

"குடியிருக்கல அத்தான். தூங்கத்தான் போறேன்."

"ரெண்டுக்கும் விதி ஒண்ணுதான்."

"அப்ப நோட்டீஸ் குடுங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன். நம்ம குடும்பத்துக்குப் புதுசா?"

ஆய்வாளர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரவு எப்படிப் போயிற்று என்று விவரிக்க வேண்டியதில்லை. எதிரெதிர்த் திறப்புகள் வழியாகக் காற்று விதிப்படி வந்து விதிப்படி போயிற்று. ஏழடிக் கூரைக்கு அடியில் அவருடைய மூச்சுச் சூடு மேலே போய், மேலேயே தங்கி, பிறகு அங்கேயும் தங்காமல் போய்விட்டது. சான்றிதழை மடித்துச் சட்டைக்குள் வைத்துப் பார்த்தார். எழுந்து நடந்தார். நடக்க நல்ல இடம் இருந்தது. ஒரு கட்டத்தில் சட்டைப்பைக்குள் விட்ட விரல்களால் டேப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கை விறைச்சுப் போகுது, ஊசி பிடிக்க முடியல என்று யாரோ சொன்னது காதில் கேட்டது. அது யார் என்று நினைவு வர நேரம் ஆகவில்லை. நினைவு வந்த பிறகு, இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

விசில் ஊதலாம். ஊதினால் முதல் பரிசு பல்லைக் காட்டும். மெல்ல நடந்து மைத்துனன் குடில் முன்னால் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

உள்ளேயிருந்து சருகு பேசியது. "அத்தான், இன்னும் எவ்வளவு நேரம் நின்னுக்கிட்டே அளப்பீங்க? உள்ள வாங்க."

"ஒருத்தருக்கான இடத்துல..."

"உங்க நோட்டுல என்ன எழுதினீங்க? அகலம் நாலடி ரெண்டு அங்குலம். நான் என்ன அவ்வளவு குண்டா?"

அளந்தது ஆய்வாளர்தான். எழுதிக்கொண்டதும் அவர்தான். ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்கத்தான் தோன்றவில்லை. முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ அறைகளின் அகலத்தை எழுதியிருக்கிறார். எதிலும் இரண்டாவது ஆள் ஒருவர் எதிர்பார்க்கப்படுகிறார் என்று படித்ததில்லை.

"கால முதல்ல விடுங்க. தலை வாசப் பக்கம். ஆங், அப்படித்தான். அந்தச் சருக இழுத்து வாசல அடைங்க. முழங்கையால இடிக்காதீங்க, இது அக்கா வீட்டுக் கட்டில் இல்ல."

ஆய்வாளர் வாசலை அடைத்துவிட்டுப் படுத்தார். முதலில் முதுகு சூடாயிற்று, பிறகு கை, கடைசியில் மூக்கு. கூரை நெற்றிக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதை நினைத்து அவர் வருத்தப்பட முயன்றார். வரவில்லை.

"நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ரெண்டு ஜன்னல் வெச்சப்பவே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேப்பீங்களா? அக்கா பதினெட்டு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கா."

மைத்துனன் புரண்டு படுத்தபடி மேலும் சொன்னான்: "மாடி ரூமும் இப்படித்தான் அத்தான். கீழ அக்கா சமைக்கிற சூடெல்லாம் மேல ஏறி வந்து அங்கயே நிக்கும். கூரை தாழ்வா இருக்கிறதால எங்கயும் ஓடாது. குளிர்காலத்துல நான் போர்வையே எடுத்ததில்ல. அந்தக் கிளை ஆபீஸ்ல ரூம் பன்னெண்டடி உயரமாம். நல்லா முறையாக் கட்டியிருக்காங்களாம்."

ஆய்வாளர் அதற்குள் தூங்கிவிட்டார். அவர் விட்ட குறட்டையைப் பற்றி மைத்துனன் மறுநாள் வேனில் எல்லோருக்கும் சொன்னான். எங்கே கேட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கட்டட ஆய்வாளர் தன் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். மனைவி கதவைத் திறந்தாள். கையில் கோப்போடு நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள். முப்பது நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"யார் வேணும்?"

"மறு ஆய்வு. மாடி அறை."

"வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருக்காரு. அவர் வந்தப்புறம் வாங்க."

"அவருக்கு ஆட்சேபணை இருக்காது."

"அவருக்கு எதுலதான் இருந்திருக்கு? செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

மாடி அறையில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. டேப்பை இழுத்தார். ஆறடி ஒரு அங்குலம். அறை ஒரு மாதத்தில் வளர்ந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு, பதினோரு வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். கட்டிலில் படுத்துப் பார்த்தார். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே பனிக்காற்று ஓட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

இறங்கி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. மனைவி அதைப் பார்த்தாள். சாப்பாடு போடட்டுமா என்று கேட்டாள். கரண்டியால் அல்ல, வாயாலேயே கேட்டாள்.

அறிக்கையில் அவர் பொய் எழுதவில்லை. உயரம் போதாது, விதிக்கு உட்படவில்லை என்றுதான் எழுதினார். ஆனால் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். முப்பத்தோரு வருடமாக அவர் கோடு கிழித்தே வந்த கட்டம். அதில் 'அறை கதகதப்பாக இருக்கிறது' என்று எழுதினார். அதன் கீழே, 'கதகதப்பைப் பற்றி விதி உண்டா என்று மேலிடம் தெளிவுபடுத்தும் வரை நடவடிக்கையை நிறுத்தி வைக்கலாம்' என்று சேர்த்தார்.

தலைமை அதிகாரி திருப்பி அனுப்பினார்: 'எந்த விதியின் கீழ்?' இவர் எழுதினார்: 'தேடப்படுகிறது.' கோப்பு இப்போது அவருடைய மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. அங்கே தங்கிய முதல் கோப்பு அது. வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் தூசி தட்டி, தேதி போட்டு, திரும்ப வைக்கிறார். தேடுவதை நிறுத்திவிட்டதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது. கோப்பு நிலுவையில் இருக்கும்வரை யாரையும் காலி செய்யச் சொல்ல விதியில்லை. மைத்துனன் மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

இதை வைத்து அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் அது மிகை. ஊரில் மற்றவர்கள் கூரைக்கு இன்னும் அதே ஒன்பதடிதான். தையல்காரம்மாவின் கூரையை இறக்கச் சொல்லவும் எந்த விதியிலும் இடமில்லை. அதையும் புரட்டிப் பார்த்தார். ஒருநாள் அவள் வாசல் வரை போய், எதையோ சொல்ல வந்து, சொல்ல வராமல், "ஒரு கோட்டு தைக்கணும்" என்றார். அவள் தன் டேப்பை எடுத்து அவரை அளந்தாள். தோள், கை, மார்பு. "இறுக்கமா வேணுமா, தொளதொளன்னு வேணுமா சார்?" என்று கேட்டாள். அவர் இறுக்கமாகவே இருக்கட்டும் என்றார். அவள் விரல் அவர் கழுத்தில் பட்டபோது ஐஸ் மாதிரி இருந்தது.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் குளிர்கால ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கீழ் அறையில் படுத்திருக்கிறார். ஒன்பதரை அடி உயரம், எதிரெதிர் ஜன்னல், எல்லாம் விதிப்படி. ஒருநாள் அவர் இரண்டாவது போர்வையைத் தேடுவதை மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேல போய்த் தூங்குங்களேன். தம்பி எப்பவும் எடம் விட்டுத்தான் படுப்பான்."

"கோப்பு இன்னும் நிலுவையில இருக்கு."

"அது இருக்கட்டும். நீங்க போங்க."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தலையணையை எடுத்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் விதியை மீறுகிறவரைப் போல, ஒவ்வொரு படியாகச் சத்தமில்லாமல் மாடி ஏறினார். கடைசிப் படியில் தலை ஓட்டில் இடித்தது.